ஐந்து நிமிஷ நடை

மணமேல்குடியில் சென்ற ஜூன் மாதத்திலிருந்து என் மீது ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. கோர்ட்டு, கச்சேரி எதுவும் இல்லை. டீக்கடையிலும், மருந்துக் கடை வாசலிலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும் விசாரணை நடக்கிறது. குற்றம் இதுதான்: சொந்தத்தில் ஒரு வீடும், குறைவில்லாத வரும்படியும், எழுத்தாளன் என்று பத்துப் பேர் மரியாதையாக வழிவிடும் கௌரவமும் உள்ள ஒருவன், தன் ஆறு வயது மகளைக் கொண்டுபோய் அடுத்த தெருவிலிருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சேர்த்துவிட்டான்.

வாதிகள் பலர். அவர்களுக்குத் தலைமை வக்கீல் என் மனைவியின் அண்ணன்.

“என்ன மாப்ளே, கதையில எழுதுறதையெல்லாம் வீட்டுல செஞ்சு பாக்கலாமா? ஒங்க கொள்கைக்குப் புள்ளையப் பலி குடுக்குறீங்களே!” என்று அவர் முதல் நாளே குற்றப் பத்திரிகையைப் படித்துவிட்டார்.

இந்தக் கட்டுரை என் எதிர்வாதம். எழுதுகிறவனுக்கு உள்ள பெரிய சலுகை, இடையில் யாரும் குறுக்கிடாமல் பேசி முடித்துவிடலாம் என்பது. அந்தச் சலுகையை நான் தவறாகப் பயன்படுத்தப் போவதில்லை. எனக்கு எதிராக இருக்கும் நியாயங்களையும் சொல்லிவிடுகிறேன். அவற்றில் இரண்டு மிகவும் வலுவானவை. அவற்றுக்கு இன்றுவரை என்னால் முழுப் பதில் சொல்ல முடியவில்லை.

முதலில் நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டும். 1980-களின் நடுவில் இதே ஊரில், இதே பள்ளிக்கூடத்தில், என் அம்மா என்னைக் கொண்டுவந்து நிறுத்தினாள். பெரிய வாத்தியார் என்னை அருகில் கூப்பிட்டு, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டுவிட்டேன். அவ்வளவுதான் பரீட்சை. கை எட்டாத பிள்ளைகள் அடுத்த வருஷம் வந்தார்கள், அப்போது எட்டியது. அந்தப் பரீட்சையில் நிரந்தரமாகத் தோற்றவன் என்று எங்கள் ஊரில் ஒருவனும் இல்லை.

இனி என் மகள் எழுதிய பரீட்சை. அவள் அண்ணன் அப்போது வெளியூரில் ஒரு தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடிக்க இருந்தான். காலை ஏழரை மணிக்கு வேன் வரும். மாலை ஆறு மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து போடும். தங்கையையும் அதே பள்ளியில் முதல் வகுப்பில் சேர்ப்பது என்று நாங்கள் யோசனை கூடச் செய்யவில்லை. அது தானாக முடிவான விஷயம். ஒரு வாரம் வீட்டில் ஒத்திகை நடந்தது. பூவுக்கும் பழத்துக்கும் இங்கிலீஷ் பெயர் சொல்லி, ரிப்பன் கட்டி, புதுச் சட்டை போட்டு அழைத்துப் போனோம்.

ஓர் அம்மாள் இங்கிலீஷில் கேள்வி கேட்டார். நிறங்களைச் சொன்னாள், எண்களைச் சொன்னாள். “மீன் எங்கே வசிக்கிறது?” என்று கேட்டபோது, ‘மீன்’ என்ற ஒரு வார்த்தைதான் அவளுக்குப் புரிந்தது போலிருக்கிறது. “வெயில்ல கெட்டுப் போயிரும், ஐஸ் பெட்டியில இருக்கும்” என்று தமிழில் சொன்னாள். கடற்கரைக் குழந்தையின் பதில் அது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. ஒரு தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

பிறகு பரீட்சை என் பக்கம் திரும்பியது. “நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள்?” என்று கேட்டார். நான் கல்லூரிப் படிப்பை முழுதாக முடிக்காதவன். அதைச் சொன்னேன். “அம்மா பட்டதாரியா?” என்றார். இல்லை. “அப்படியானால் வீட்டில் இவளுக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னைச் சுட்டுவிட்டது. வீட்டில்தான் சொல்லிக் கொடுக்க வேண்டுமென்றால், வருஷா வருஷம் கட்டுகிற பணம் எதற்கு? கல்யாணத்துக்குச் சமையற்காரரை ஏற்பாடு செய்யப் போனால், “உங்கள் வீட்டில் நன்றாகச் சமைப்பார்களா?” என்று அவர் கேட்டால் எப்படி இருக்கும்?

வீட்டுக்கு வந்து கல்வி உரிமைச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். 2009-ல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம். அதன் 13-ஆவது பிரிவு, பள்ளியில் சேர வரும் குழந்தையையோ பெற்றோரையோ எந்த விதமாகவும் சலித்துப் பார்த்து எடுக்கக் கூடாது என்று சொல்கிறது. முதல் தடவை மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதம். அதன் பிறகு ஒவ்வொரு தடவைக்கும் 50,000 ரூபாய் வரை. அந்த அறையில் நடந்தது சட்ட விரோதம். ஒரு வாரம் ஒத்திகை பார்த்துப் போன நானும் அதற்கு உடந்தை.

“சீட்டுக் கிடைக்காத வயிற்றெரிச்சல்” என்று நினைத்துவிடாதீர்கள். அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். பணம் கட்ட ஒரு வாரம் தவணையும் கொடுத்தார்கள். அந்த ஒரு வாரத்தில்தான் நான் யோசிக்க ஆரம்பித்தேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்குப் போட்டேன். போக ஒரு மணி, வர ஒரு மணி, நாளைக்கு இரண்டு மணி நேரம் வேனில். தொடக்க வகுப்புகளுக்கு வருஷத்தில் குறைந்தது 200 வேலை நாட்கள் என்று அதே சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. ஆக, வருஷத்துக்கு 400 மணி நேரம் வேன். பாடம் நடத்த வேண்டிய நேரம் எவ்வளவு என்று பார்த்தேன்: குறைந்தது 800 மணி. பாடம் கேட்கும் நேரத்தில் சரி பாதியை என் மகன் ஐந்து வருஷமாக வேன் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கியே கழித்திருக்கிறான்! அடுத்த தெருப் பள்ளிக்கூடம் ஐந்து நிமிஷ நடை. போக வரப் பத்து நிமிஷம்.

நான் என் தீர்மானத்தை மனைவியிடம் சொன்னேன். பெண்ணை இங்கேயே சேர்த்துவிடலாம் என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

“ஏங்க, பையனுக்கு வேனு, பொண்ணுக்கு நடையா? ஊரு என்ன சொல்லும்னு நான் கேக்கல. நாளைக்கு அவ பெரியவளாகிக் கேட்டா என்ன சொல்லுவீங்க?”

எனக்கு எதிரான வலுவான நியாயங்களில் இது முதலாவது. பையனுக்குக் காசு கொடுத்துப் படிப்பு, பெண்ணுக்கு இலவசப் படிப்பு என்று பிரித்து வைக்கும் வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெண் குழந்தையின் படிப்புக்குச் செலவு செய்யத் தயங்கும் அந்தப் பழைய கஞ்சத்தனத்துக்கு நான் கொள்கை என்று பெயர் சூட்டிக்கொண்டு நின்றேன். எழுத்தில் பெண்ணுரிமை பேசி வந்தவனை அவள் ஒரே வாக்கியத்தில் பிடித்துவிட்டாள்.

கொள்கை உண்மையானால் அது பையனிடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவன் ஐந்தாம் வகுப்பை முடித்திருந்தான். ஊரிலேயே அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. ஜூன் மாதம் அவன் அங்கே ஆறாம் வகுப்பில் சேர்ந்தான். அவள் தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்ந்தாள். பையன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவனுடைய சிநேகிதர்கள் எல்லோரும் வேனில் போகிறவர்கள். அந்த நஷ்டத்தை நான் அவனுக்கு ஈடுகட்ட முடியாது; ஈடுகட்டியதாகப் பொய்யும் சொல்ல மாட்டேன்.

வீட்டில் என் பக்கம் உடனே சேர்ந்தவள் என் அம்மா ஒருத்திதான். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல் உடைக்கிற பெண்களும், நாற்று நடுகிற பெண்களும் மாலையில் சிலேட்டோடு உட்கார்ந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் சைக்கிள் ஓட்டவும் பழகினார்கள். வெளியூர்ப் பத்திரிகைக்காரர்கள் வந்து பார்த்து எழுதினார்கள். என் அம்மா கையெழுத்துப் போடக் கற்றது அந்த வகுப்பில்தான். வகுப்பு நடந்த இடம் இந்தப் பள்ளிக்கூடத்துத் தாவாரம்.

“அதுக்கென்ன அப்பு, எனக்கே அந்தத் தாவாரத்துலதானே அனா ஆவன்னா வந்துச்சு?” என்றாள்.

“இது அத்தைக்கும் உங்களுக்கும் பாசம் உள்ள பள்ளிக்கூடம். அந்தப் பாசம் இவளுக்குப் பாடம் நடத்துமா?” என்று என் மனைவி கேட்டாள். அதுவும் சரியான கேள்விதான். எனவே பாசத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மற்ற விஷயங்களுக்கு வருகிறேன்.

ஊரார் சொல்லும் முதல் காரணம் இங்கிலீஷ். அதைக் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம். அரசுப் பள்ளிகளிலும் முதல் வகுப்பிலிருந்தே இங்கிலீஷ் உண்டு. 2012-லிருந்து பல அரசுப் பள்ளிகளில் இங்கிலீஷ் வழி வகுப்புகளே தொடங்கினார்கள். அது நல்லதா என்பது வேறு விவகாரம். ஆனால் இங்கிலீஷ் என்பது வேன் போகும் ஊரில் மட்டும் விளைகிற பயிர் என்ற எண்ணம் தப்பு.

இன்னொரு விஷயம். என் மகன் நான்காம் வகுப்பில் கடல் ஏற்ற இறக்கத்தைப் பற்றி இங்கிலீஷில் ஒரு பதில் எழுதி முழு மார்க்கும் வாங்கினான். சந்திரன், ஈர்ப்பு எல்லாம் பிசகாமல் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவனைக் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். எங்கள் பக்கத்துக் கடல் அலை குறைந்த, ஆழம் குறைந்த கடல். தண்ணீர் வற்றி, வள்ளங்கள் சேற்றில் உட்கார்ந்திருந்தன. “ஏம்ப்பா இப்படித் தண்ணி போயிருச்சு?” என்று கேட்டான். “நீ எழுதினாயே, அதுதான் இது” என்றேன். அவன் என்னை நம்பவில்லை. ‘அது இங்கிலீஷ் பாடம், இது நம்ம ஊர்க் கடல், இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?’ என்பது போலப் பார்த்தான்.

அவனுடைய ஆசிரியைகளைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் கொடுத்த வேலையை அவர்கள் செய்தார்கள். ஒரு குழந்தைக்கு அன்னிய பாஷை தெரிவது நல்லது. தன் கண்ணால் பார்ப்பதே அன்னியமாகிப் போவது நல்லதல்ல. பாஷை வேண்டும் என்றுதான் அனுப்பினேன். அதற்கு இந்த விலையும் சேர்த்துக் கொடுக்கிறோம் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஆனால் இங்கிலீஷ் என்பது வெளியே சொல்லுகிற காரணந்தான். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தால் குரலைத் தாழ்த்தி இன்னொரு காரணம் சொல்வார்கள். அதற்கு ‘சகவாசம்’ என்று பெயர். “அங்கே வர்ற பிள்ளைகளெல்லாம் யாரு தெரியுமில்ல?” என்பார்கள். “சோத்துக்கு வர்ற கூட்டம்” என்று இன்னும் சிலர் பச்சையாகவே சொல்வார்கள்.

யார் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். கடலுக்குப் போகிறவர் மகள் வருகிறாள். கூலிக்குக் கருவேலங்கட்டை வெட்டுகிறவர் மகன் வருகிறான். தகப்பனார் வளைகுடா நாட்டில் பாரம் தூக்க, பாட்டி வீட்டில் வளருகிற பையன் வருகிறான். தெருக்கோடியில் குடியிருக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களோடு என் மகள் உட்காரக் கூடாது என்பதை நாம் இங்கிலீஷ் என்கிறோம், தரம் என்கிறோம், ஒழுக்கம் என்கிறோம். நம் தாத்தாக்கள் இதையே வேறு வார்த்தையில் பச்சையாகச் சொன்னார்கள். அவர்கள் கிணற்றைப் பிரித்தார்கள். நாம் பள்ளிக்கூடத்தைப் பிரிக்கிறோம். அவர்களுக்கு அதனால் செலவில்லை. நாம் கடன் வாங்கியாவது பிரித்துக்கொள்கிறோம்.

சோறு என்றால் அது கேவலமான விஷயமா? நம் மாகாணத்தில் அந்தச் சோற்றுக்கு ஒரு நூற்றாண்டுச் சரித்திரம் உண்டு. 1920-ல் சென்னை ஆயிரம் விளக்கில் ஒரு நகரசபைப் பள்ளியில் நீதிக் கட்சிக்காரர்கள் ஆரம்பித்தார்கள். 1956-ல் காமராஜர் மாநிலம் முழுவதற்கும் கொண்டுபோகத் தொடங்கினார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பரில் மதுரையில் மு.க. ஸ்டாலின் காலைச் சிற்றுண்டியைத் தொடங்கி வைத்தார். 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது போயிற்று. கட்சி வேறு, கொடி வேறு; ஆனால் பசித்த குழந்தைக்கு எழுத்து ஏறாது என்பதில் அவர்களுக்குள் சண்டை இல்லை. நான் அந்தச் சோற்றைச் சாப்பிட்டுப் படித்தவன். என் இலைக்குப் பக்கத்து இலை யாருடையது என்பது அன்று எனக்குத் தெரிந்த அளவு, இன்று என் அடுத்த வீட்டுக்காரரைப் பற்றித் தெரியாது. நான் எழுதிய கதைகளில் பாதி அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றியவை.

எங்கள் ஊருக்கு ஒரு பழம் பெருமை உண்டு. அறுபத்து மூவரில் ஒருவரான குலச்சிறையார் பிறந்த ஊர் இது. பாண்டிய ராஜாவுக்கு மந்திரியாக இருந்தவர். வருகிற அடியவர் உயர்ந்த குடியா, தாழ்ந்த குடியா, நல்லவரா, அல்லவா என்று விசாரிக்காமல் வணங்கினார் என்று சேக்கிழார் அவரைப் புகழ்கிறார். மந்திரி நடத்தாத இன்டர்வியூவை அவர் ஊர்க்காரர்களாகிய நாம் ஆறு வயதுக் குழந்தைக்கு நடத்த விட்டு, வெளியே நாற்காலியில் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறோம்.

இனி எனக்கு எதிரான இரண்டாவது நியாயத்துக்கு வருகிறேன். இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது.

என் மகள் படிக்கும் பள்ளியில் வகுப்புகள் ஐந்து. ஆசிரியர்கள் இரண்டு பேர். ஒரு டீச்சர் ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும்போது இரண்டாம் வகுப்பு அதே அறையில் தானாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். தேர்தல் வேலையும் கணக்கெடுப்பு வேலையும் வந்தால் இரண்டு பேரில் ஒருவர் போய்விடுவார். “இதைத் தெரிந்தும் சேர்த்தீர்களா?” என்று கேட்கிறீர்கள். தெரிந்துதான் சேர்த்தேன். ஆனால் இது ஏன் இப்படி ஆயிற்று என்பதையும் தெரிந்துகொண்டு சேர்த்தேன்.

சட்டம் குழந்தைகளின் தலையை எண்ணுகிறது, வகுப்புகளை எண்ணுவதில்லை. 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர் என்று அட்டவணையில் எழுதியிருக்கிறது. நான் படித்த காலத்தில் இதே பள்ளியில் இடமில்லாமல் மரத்தடியில் வகுப்பு நடந்தது. பிறகு வேன் வந்தது. முதலில் வசதியுள்ளவர்கள் போனார்கள், எண்ணிக்கை குறைந்தது, ஓர் ஆசிரியர் மாற்றலாகிப் போனார். ஆசிரியர் இல்லை என்று அடுத்தவர்கள் போனார்கள்; எண்ணிக்கை இன்னும் குறைந்தது. இன்று நாம் அந்தப் பள்ளியைச் சுட்டிக்காட்டி, “பாருங்கள், இதிலா சேர்ப்பது?” என்கிறோம். நாம் போனதனால் மெலிந்த பள்ளியைப் பார்த்து, மெலிந்திருக்கிறது என்று சொல்லி விட்டுப் போகிறோம். குற்றவாளியே சாட்சிக் கூண்டில் ஏறுவது போன்ற காரியம் இது.

இதற்குப் பரிகாரம் என்ன என்பது புதிய விஷயமும் அல்ல. கோத்தாரி கமிஷன் 1966-லேயே சொல்லிவிட்டது: பணக்காரர், ஏழை என்ற வித்தியாசம் இல்லாமல் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் எல்லோரும் ஒரே பொதுப் பள்ளியில் படிக்கட்டும் என்றது. 2015-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரப் பிரதேசத்து அரசு ஊழியர்களின் குழந்தைகளை அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கே அனுப்ப வழி செய்ய வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. ஊழியர் தம் குழந்தை உட்காரும் அறையின் கூரை ஒழுகினால் பேசாமல் இருப்பாரா என்பதுதான் அதன் தர்க்கம். நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. 2011-ல் ஈரோடு மாவட்ட ஆட்சியராக இருந்த ஆர். ஆனந்தகுமார் தம் மகளைக் குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்தார். தேசம் முழுவதும் அது செய்தியாயிற்று. எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள், நானும் பாராட்டினேன். இன்று யோசிக்கும்போது வெட்கமாக இருக்கிறது. அரசாங்க அதிகாரி அரசாங்கப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது பத்திரிகைச் செய்தி ஆகிற தேசத்தில், அந்தப் பள்ளியைப் பற்றி அரசாங்கத்தின் சொந்த அபிப்பிராயம் என்ன?

நாமும் ஒரு தடவை திரும்பி வந்தோம். 2020-ல் கொரோனா வந்து எல்லாப் பள்ளிகளும் மூடிக் கிடந்தன. வரும்படி நின்று பணம் கட்ட முடியாமல் போனபோது, தமிழ்நாடெங்கும் ஏராளமானவர்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளில் சேர்த்தார்கள். அந்தப் பள்ளிகள் யாரையும் “இத்தனை வருஷம் எங்கே போனீர்கள்?” என்று கேட்கவில்லை. கையில் காசு வந்ததும் பலர் மறுபடி வேனில் ஏறிவிட்டார்கள். 2018 நவம்பரில் கஜாப் புயல் அடித்தபோதும் அப்படித்தான். கூரை போன ஜனங்களுக்குப் பள்ளிக்கூடங்கள் புகலிடமாயின. ஆபத்துக்கு ஒதுங்க மட்டும் அந்தக் கட்டிடம் நம்முடையது. ஆபத்து நீங்கினால் அது ‘அவர்களுடைய’ பள்ளிக்கூடம்.

படித்தவர்களும் எழுதத் தெரிந்தவர்களும் திரும்பி வந்தால் பள்ளிக்கூடத்துக்காகப் பேச ஆள் கிடைக்கும் என்று நான் எண்ணினேன். என்னைப் பற்றி எனக்கிருந்த உயர்ந்த அபிப்பிராயம் அது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதன் கூட்டத்துக்குப் போனேன். கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று பேச்சு வந்தது. நான் எழுந்து, நான் ஒரு மனு எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். மீன் விற்கிற ஓர் அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“அண்ணே, மூணு வருசமா நாங்க எழுதிக் குடுத்த மனுவெல்லாம் அந்தப் பீரோவுல இருக்கு. நீங்க புதுசா எழுத வேணாம். அடியில ஒங்க கையெழுத்தப் போடுங்க. கூட ஒரு ஆளு நின்னா நல்லதுதானே?” என்றாள்.

எழுத்தாளனுக்கு அன்று கிடைத்த வேலை கையெழுத்துப் போடுவதுதான். ஊமைகளுக்கு வாயாகப் போகிறோம் என்று நினைத்துப் போன எனக்கு, அவர்கள் ஊமைகள் அல்ல, நாந்தான் இத்தனை நாள் செவிடன் என்று தெரிந்தது. ஏழெட்டுப் பேராகப் போய் மனுவைக் கொடுத்தோம். இரண்டு மாதத்தில் மோட்டார் வந்தது; கழிப்பறையில் தண்ணீர் வருகிறது. மூன்றாவது ஆசிரியர் இன்னும் வரவில்லை. அதற்காகவும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வந்துவிடுவார் என்று உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது.

“அதுவரை உங்கள் மகளின் படிப்பு என்ன ஆவது?” என்பது நியாயமான கேள்வி. அதற்கு நான் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ராத்திரி அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது, அவள் வயதுள்ள வேன் குழந்தைகள் எங்கே இருப்பார்கள் என்று மனசு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் செய்கிறது. குழந்தையை வைத்துச் சோதனை செய்கிறேன் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் நாளைக்கு இரண்டு மணி நேரம் வேனில் அடைத்து, புரியாத பாஷையில் ஒப்பிக்க வைத்து, அடுத்த தெருக் குழந்தையின் பெயர் தெரியாமல் வளர்ப்பதும் ஒரு சோதனைதான். அதை எல்லோரும் சேர்ந்து செய்வதால் அது சோதனை என்று தெரியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வழக்கில் ஒரு வேடிக்கையான திருப்பத்தையும் சொல்ல வேண்டும். ஆகஸ்டு மாதத்தில் என் மைத்துனர் முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தார்.

“மாப்ளே, இப்பத்தான் வெளங்குது! ஆறாவதுலேருந்து அரசாங்கப் பள்ளிக்கூடம். டாக்டர் படிப்புக்கு ஏழரை சதவீதம்! மொதல்லயே சொல்லியிருந்தா நான் சண்டைக்கு வந்திருப்பேனா?” என்று என் முதுகில் தட்டினார்.

அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் கொண்டுவரப்பட்டது. அது நியாயமான ஏற்பாடு. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது நினைவிலேயே இல்லை. இல்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் கண்ணைச் சிமிட்டினார். அன்றிலிருந்து டீக்கடையில் எனக்கு மரியாதை திரும்பிவிட்டது. ஒருவன் நம்பிக்கையினால் ஒரு காரியம் செய்தான் என்றால் அவன் பைத்தியக்காரன். அதையே சூழ்ச்சியினால் செய்தான் என்றால் கெட்டிக்காரன். நம் காலத்து மத்தியதர வர்க்கத்தின் நீதி சாஸ்திரம் இதுதான். குற்றவாளியாக இருந்தபோது எனக்கிருந்த நிம்மதி, இந்த விடுதலைக்குப் பிறகு இல்லை.

ஜூன் மாதத்து முதல் வாரத்தில், வேன்காரர் பழக்க தோஷத்தால் ஏழரை மணிக்கு எங்கள் வாசலில் ஹாரன் அடித்துவிட்டுப் போவார். பையன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். இப்போது வேன் நிற்காமல் போகிறது. அவன் புதுச் சிநேகிதர்களோடு சைக்கிளில் போகிறான். நாலரை மணிக்கெல்லாம் வீட்டில் இருக்கிறான். என்னை முழுதாக மன்னித்துவிட்டான் என்று சொல்ல மாட்டேன். சிறியவள் அண்ணன் போன பிறகு ஆற அமரக் கிளம்புகிறாள். வாசலில் மூன்று குழந்தைகள் வந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அந்தக் குழந்தைகளின் பெயர் இப்போது எனக்கும் தெரியும்.

வாசகர்களே, உங்கள் குழந்தையையும் கொண்டுபோய்ச் சேருங்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டுச் சௌகரியமும் கவலையும் உங்களுக்குத்தான் தெரியும். நான் கேட்பது சின்ன விஷயம். உங்கள் தெருவுக்குப் பக்கத்திலும் இப்படி ஒரு பள்ளிக்கூடம் இருக்கும். நீங்கள் தினமும் அதைத் தாண்டிப் போகிறீர்கள். கடைசியாக எப்போது அதற்குள் போனீர்கள்? ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு உள்ளே போய், எத்தனை வகுப்பு, எத்தனை ஆசிரியர், குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். அதன் பிறகு அந்தப் பள்ளி மட்டம் என்று சொல்லுங்கள்; கேட்டுக்கொள்கிறேன்.

பத்து வருஷம் கழித்து என் மகள் என் மீது இந்த வழக்கை மறுபடி எடுக்கலாம். வாதியாக நிற்க அவளுக்குத்தான் உரிமை உண்டு. அன்றைக்கு அவள் கேட்கும் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.